ரத்த சொந்தத்துக்கு நான்கு கடிதங்கள்

அந்தப் பதினொரு தெருக்களிலும் அவள் பெயர் தபாலக்காதான். அவளைவிட இருபது வயது மூத்த கிழவர்களுக்கும் தபாலக்கா, இடுப்பு உயரம்கூட வளராத வாண்டுகளுக்கும் தபாலக்கா. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. இருபத்து மூன்று வருடமாகப் பை தொங்கியதில் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப்போயிருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடமே கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். போன இடத்திலிருந்து ஒரு கடிதம் போட்டான். "எனக்குன்னு வந்த ஒரே முக்கியமான தபாலு. அதையும் நானேதான் பட்டுவாடா பண்ணிக்க வேண்டியதாப் போச்சு" என்று சொல்லி அவளே சிரிப்பாள். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று இருக்கும்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. காலை ஆறரைக்குத் தபால் நிலையத்தின் பின்னறைக்கு வந்துவிடுவாள். சுவரை அடைத்து நிற்கும் மரச்சட்டத்தில் தெருவுக்கு ஒரு கண்ணறை. கடிதக் கட்டைப் பிரித்து, கட்டைவிரலால் கடிதத்தைத் தள்ளிக்கொண்டே முகவரியைப் பார்ப்பாள்; மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். எந்த வீட்டு வாசற்கதவு மக்கர் பண்ணும், எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமல் கடிக்கும், எந்தப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கும் எல்லாம் அத்துப்படி. இந்த வேலை அவளுக்கு ஒரு நம்பிக்கையையும் கொடுத்திருந்தது. பெட்டிக்குள் விழுந்த கடிதம் போய்ச் சேர்ந்த கடிதம். தகரத்தில் அது விழும் சத்தம் கேட்டதும் மனசு அந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். உள்ளே இருப்பவர்கள் பிரிக்கிறார்களா, படிக்கிறார்களா, அடுப்பில் போடுகிறார்களா என்பது அவள் பாடு இல்லை. அப்படி நினைக்காத ஆள் ஒரு நாளைக்கு அறுநூறு வீடு ஏறி இறங்க முடியாது.

முதல் தடவை மயங்கி விழுந்தபோது எல்லாரும் வெயில் என்றார்கள். ஒரு வாசற்கதவைத் திறந்தாள், உள்ளேயிருந்து நாய் பாய்ந்து குரைத்தது, அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது தெருவில் மல்லாந்து கிடந்தாள். அதே நாய் அவள் காதை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை வெயில் மேல் பழியைப் போட வழியில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்று கடிதம் பிரித்துக்கொண்டிருந்தாள். புதிதாக மாட்டிய தீ அபாய மணி வேலை செய்கிறதா என்று பார்க்க யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பொத்தானை அமுக்கினார்கள். கையில் இருந்த கடிதங்களோடு அப்படியே சரிந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பியவர் பக்கத்துப் பகுதிக்குத் தபால் கொடுக்கும் சக ஊழியர். அவரை எல்லாரும் மீசை என்பார்கள்.

"பயந்துட்டியாக்கா?"

"பயப்படக்கூட நேரம் இல்லப்பா. மணி அடிச்சுது, நான் போயிட்டேன்."

"போயிட்டேன்னு சொல்லாத. போயிட்டு வந்தேன்னு சொல்லு."

மீசைதான் பிடிவாதமாக அவளை இதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஈ.சி.ஜி. காகிதத்தை மேசையில் விரித்து, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு அளவுகோல் வைத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஒங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே மரபணு ஆலோசகர் என்று பலகை மாட்டிய ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. மேசை, மூன்று நாற்காலி, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஆலோசகர் கண்ணாடி போட்ட இளம்பெண். பெரிய வெள்ளைத் தாளில் கோடு போட்டுக் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கீறல்.

தபாலக்கா சொல்லச் சொல்லச் சதுரங்களில் கீறல் விழுந்தது. அப்பா நாற்பத்தொரு வயதில், தொழிற்சாலை வாசலில், ஷிப்டு சங்கு ஊதிய நிமிடத்தில் விழுந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் பதினேழு வயதில். பரீட்சைக்குப் படிப்பதற்காக விடிகாலையில் அலாரம் வைத்துப் படுத்தவன். அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "எழுந்து அதை நிறுத்தித் தொலையேண்டா" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். சாகும்வரைக்கும் அம்மாவுக்கு அந்த வாக்கியம் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

ஆலோசகரின் பேனா நின்றது. "அதாவது, அலாரம் அடிச்சப்போ."

"ஆமா."

"அப்பா, சங்கு ஊதினப்போ."

தபாலக்கா தலையாட்டினாள். முப்பது வருடமாக அந்த இரண்டு சாவையும் அவள் தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள், இரண்டு தெருக் கடிதங்களைப் போல. இப்போது யாரோ அவற்றை ஒரே கண்ணறையில் போட்டுவிட்டார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒன்பது வாரம் ஆயிற்று. அடித்த இதயம் அடுத்த அடிக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் இந்தக் குடும்பத்தில் சிலருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த இடைவெளியில் ஒரு திடுக்கிடல் வந்து விழுந்தால் இதயம் தாளம் தப்பிவிடும். மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் பிழைத்துக் கிடக்கலாம். சில மருந்துகளைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் காரணம் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது என்று ஆலோசகர் சொன்னாள்.

"ஒரு எழுத்துக்கா இவ்வளவு? நான் தினம் பாதி எழுத்து இல்லாத முகவரியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேனேம்மா."

ஆலோசகர் சிரிக்கவில்லை. "ஒங்க அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கு. ஒங்க கூடப் பிறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தா அவங்க பிள்ளைங்களுக்கும் அதே பாதி." இழுப்பறையிலிருந்து நான்கு உறைகளை எடுத்தாள். சித்தப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, தங்கை மகளுக்கு ஒன்று. "இதுல எல்லாம் எழுதியிருக்கு. நாங்க நேரா அனுப்ப முடியாது. அவங்க எங்க நோயாளிங்க கிடையாது, அவங்க சம்மதம் இல்லாம நாங்க தொடர்பு கொள்ளக் கூடாது. நீங்கதான் குடுக்கணும்."

"நான் குடுக்காத தபாலா?" என்றாள் தபாலக்கா.

சித்தப்பாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வயதிலேயே காது அடைத்துப்போன மனுஷன். கடிதத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, வரி வரியாகக் கத்திப் படித்துக் காட்டினாள். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "என்னம்மா, சத்தம் கேட்டா சாவேனா? அப்ப நான் சாகறதுக்கு வழியே இல்லையே." பரிசோதித்தார்கள், அவருக்கு இருந்தது. தம்பி வண்டிப் பட்டறையில் வேலை பார்ப்பவன், நாள் முழுதும் இரும்பு மேல் இரும்பு விழும் இடம். பயந்துகொண்டே போய்ச் சோதித்தான். அவனுக்கு இல்லை. "அப்பா எனக்குன்னு எதையும் விட்டுட்டுப் போகல, பாத்தியா" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் போனை வைத்த பிறகு மறுபடி அவனே கூப்பிட்டான். "அக்கா, தங்கச்சிகிட்ட எப்படிக் குடுக்கப் போற?"

அதுதான் கேள்வி.

தங்கை வீட்டு வாசலை அவள் மிதித்து ஆறு வருடம். அம்மாவை அடக்கம் செய்த அன்று, வந்த கூட்டத்தின் நடுவில் தங்கை கணவர் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: "இவங்க குடும்பத்துல யாருக்கும் ஆயுசு கெட்டி இல்ல. நல்லவேளை, எம் பொண்ணுக்கு எங்க பக்கத்து ரத்தம்." தபாலக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஒங்க பக்கத்து ரத்தம்னா ஆயுசு கெட்டிதான் மாப்பிள்ளை. அறிவுதான் கொஞ்சம் முன்ன பின்ன" என்றாள். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. தங்கை கணவன் பக்கம் நின்றாள்; வேறு எங்கே நிற்பாள்? அவளுக்கு அதே வீட்டில்தானே சாப்பாடு.

இழப்பு தபாலக்காவுக்கு. தங்கை மகள் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் பெரியம்மா மடியில்தான் வளர்ந்தாள். குட்டி என்று பெயர் வைத்ததே இவள்தான். அந்தக் குட்டிக்கு இப்போது இருபத்து மூன்று வயது. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை. நல்ல இடத்தில் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது தம்பி சொல்லித்தான் தெரியும்.

நேரில் போனால் மாப்பிள்ளை கதவைத் திறக்க மாட்டார். பதிவுத் தபாலில் போட்டால் கையெழுத்துப் போட அவர்தான் வருவார். போனில் சொல்லலாம் என்றால் தங்கை எடுப்பதில்லை. யோசித்து யோசித்துத் தபாலக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தாள். ஆஸ்பத்திரி பெயர் அச்சடித்த உறைகளைச் சாதாரண உறைக்குள் போட்டு, தங்கைக்கும் மகளுக்கும் தனித்தனியாக விலாசம் எழுதினாள். தங்கை வீடு மீசை போகும் பகுதியில் இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் நீ என் தெருவுக்குப் போ, நான் ஒன் தெருவுக்குப் போறேன்."

"எதுக்கு? என் தெருவுல நாய்ங்க இன்னும் மோசம்."

"நாய்க்கு இல்லப்பா. மனுஷனுக்கு."

மீசை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. பதினொரு மணிக்கு, மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவள் அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். பச்சைப் பெட்டி, புதிதாக வர்ணம் அடித்திருந்தது. உள்ளே குக்கர் சத்தம். மணி அடித்திருக்கலாம். விரலை மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டாள். ஆறு வருடம் அந்த விரலைப் பிடித்து இழுத்தது. இரண்டு உறைகளையும் பெட்டிக்குள் விட்டாள். தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. அன்று பல மாதங்களுக்குப் பிறகு அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. தங்கையிடமிருந்து சத்தமில்லை. கோபமாக இருப்பாள், ஆனால் படித்திருப்பாள் என்று தபாலக்கா தனக்குச் சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பார்களா? போய்ச் சேர்ந்த கடிதம் போய்ச் சேர்ந்ததுதான். அவளுக்கும் தினம் அறுநூறு வீடு இருந்தது.

ஏழாவது வாரம் மாத்திரை அளவைச் சரிபார்க்க மூன்றாம் மாடிக்குப் போனாள். நடைபாதை நாற்காலி வரிசையில், கடைசி நாற்காலியில், முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் மருந்துக்கடைப் பை. ஆறு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கைதான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள். தபாலக்கா உட்கார்ந்தாள்.

"படிச்சிட்டியா?"

"அவரு பாக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். ரத்தமும் குடுத்தேன். எந்த எழுத்துன்னு ஒன்னால முன்னாடியே தெரிஞ்சதால முடிவு சீக்கிரமே வந்துடுச்சு." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இருக்குக்கா."

தபாலக்கா அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. "மாத்திரை?"

"சாப்பிடுறேன். சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது."

"குட்டி என்ன சொன்னா?"

தங்கை மருந்துப் பையின் வாயைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். தபாலக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவ கடிதத்தை அவகிட்ட குடுத்தியா இல்லையா?"

"கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம்தான்க்கா இருக்கு. அது முடியட்டும். நானே சொல்றேன், நானே கூட்டிட்டு வர்றேன். இப்ப வெளிய தெரிஞ்சா அந்த வீட்ல என்ன சொல்லுவாங்க? 'ரத்தத்துலயே இருக்கு'ன்னு ஒரு வார்த்தை போதும். இவரு என்ன சொல்லுவாரு? ஒனக்குத் தெரியாதா? காலத்துக்கும் சொல்லிச் சொல்லியே கொன்னுடுவாரு."

"அவர் சொல்லித்தான் சாகணுமா? அலாரம் அடிச்சாலே போதும்டி நம்மளுக்கு."

"அவ நல்லாத்தான் இருக்கா. குதிரை மாதிரி இருக்கா. ரெண்டு தடவை தலை சுத்திச்சு, அதுவும் காலையில சாப்பிடாம ஓடறதால."

"எங்க வெச்சு?"

"ஆபீஸ்ல."

"என்ன பண்ணிட்டு இருந்தப்போ?"

தங்கை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "போன் எடுக்கறப்போ" என்றாள் கடைசியில், யாருக்கோ சொல்வது போல.

உள்ளே ஆலோசகர் தபாலக்கா சொன்னதையெல்லாம் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒங்க தங்கச்சியைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. அந்தப் பொண்ணு எங்ககிட்ட வரல. வராதவங்களை நான் கூப்பிட முடியாது."

"நான் சொல்லலாமா?"

"ஒங்க பரிசோதனை முடிவை நீங்க யார்கிட்ட வேணா சொல்லலாம். தங்கச்சி முடிவு அவங்களோடது." ஆலோசகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எங்க சட்டம் அவ்வளவுதான். ஆனா லேட் பண்ணாதீங்க."

வெளியே வந்தபோது தங்கை இன்னும் அதே நாற்காலியில் இருந்தாள். "சொல்லிடாதக்கா" என்றாள். "நீ சொன்னா, செத்தாலும் ஒம் மூஞ்சில முழிக்க மாட்டேன்." தபாலக்கா வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. படியிறங்கினாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு. லிஃப்ட் கம்பெனி நான்காம் மாடியில். லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினாள். வரவேற்பறையில் இருந்த காவலாளி அவள் சீருடையைப் பார்த்ததும் கையை நீட்டினார். "போஸ்ட்டா? இங்க குடுங்க, நான் சேர்த்துடறேன்." எத்தனை ஆயிரம் தடவை இந்த நீட்டிய கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

"இல்லப்பா. அவ முகத்தைப் பாத்துதான் குடுக்கணும்."

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஐந்து மேசை. மேசைக்கு ஒரு சிவப்புப் போன். ஊரில் எங்கேயாவது ஒருத்தர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் இங்கே அலறும். குட்டி மூன்றாவது மேசையில் இருந்தாள். வளர்ந்திருந்தாள், ஆனால் பேனாவைக் கடிக்கும் பழக்கம் போகவில்லை. தபாலக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அலறியது. குட்டியின் தோள் இரண்டும் துள்ளி ஏறின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தபாலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். குட்டி ஒரு கையால் மேசை விளிம்பைப் பற்றி, ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, சிரித்த குரலில் பேச ஆரம்பித்தாள். "பயப்படாதீங்க சார். ஆள் கிளம்பிட்டாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பேசி முடித்து நிமிர்ந்தபோது பெரியம்மாவைப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

"ஆறு வருஷம் கழிச்சு வர்றீங்க, வெறுங்கையோட வர்றீங்க. போஸ்ட் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு ஒரு பார்சல்கூட இல்லையா?"

"மெதுவா வாடி. ஓடாத."

"ஏன், தரை வழுக்குதா?"

மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தார்கள். குட்டி இயந்திரத்திலிருந்து இரண்டு கோப்பை டீ எடுத்து வந்தாள். தபாலக்கா தன் கதையைச் சொன்னாள்: நாய், தீ அபாய மணி, ஈ.சி.ஜி. காகிதம். தாத்தாவைச் சொன்னாள், பார்க்காத பெரிய மாமாவைச் சொன்னாள். குட்டி நடுநடுவே கேள்வி கேட்டாள், தலையாட்டினாள், வேறு யார் வீட்டுக் கதையோ போல.

"ஐயோ பாவம் பெரியம்மா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"நீ ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துடணும்."

"எனக்கு எதுக்கு? அம்மாவுக்கு இருந்தாத்தான எனக்கு வரும். பாத்துக்கலாம், கல்யாணம் முடியட்டும். இப்ப லீவே இல்ல."

அந்த வார்த்தை தாய் வாயிலிருந்து வந்தது போலவே மகள் வாயிலிருந்தும் வந்தது. கதவுக்கு அப்பால் இன்னொரு சிவப்புப் போன் அலறியது. குட்டி எழுந்திருக்கப் போனாள். தபாலக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இப்போது விட்டால் இந்தக் கடிதமும் பெட்டியில் போட்ட கடிதம்தான்.

"ஒங்கம்மாவுக்கு இருக்குடி."

குட்டி சிரித்தாள். "அம்மாவுக்கா? அம்மா சத்து மாத்திரைதான சாப்பிடுறாங்க."

"அது சத்து மாத்திரை இல்ல."

டீக்கோப்பை அவள் கையில் அப்படியே நின்றது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ எடுத்தார்கள். குட்டி கோப்பையைப் படியில் வைத்தாள். பேசியபோது குரலில் வயது கூடியிருந்தது.

"போன வாரம் இங்க மயக்கம் வந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அம்மா சர்க்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்தாங்க. தலையைத் தடவிக் குடுத்தாங்க. அம்மாவுக்கு அப்பவே தெரியுமா?"

தபாலக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "தெரியும்" என்றாள்.

குட்டியைத் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பத்து நிமிட வழி, அரை மணி நேரம் எடுத்தாள். பெரிய சாலை வேண்டாம், அங்கே பஸ் ஹாரன் காதைப் பிளக்கும். பள்ளிக்கூடத் தெரு வேண்டாம், மணியடிக்கும் நேரம். இரும்புக்கடை வரிசை வேண்டாம். எந்தச் சந்தில் எந்த நாய் பாயும் என்று யோசித்து யோசித்து வண்டியைத் திருப்பினாள். அவள் கைக்குத் தெரிந்த ஊர் முழுக்கச் சத்தமாக இருந்தது. பின்னால் குட்டி அவள் இறங்கிய தோளைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். அந்தக் கை ஒவ்வொரு திருப்பத்திலும் இருக்கிறதா என்று தபாலக்கா கவனித்துக்கொண்டே ஓட்டினாள்.

ஈ.சி.ஜி. காகிதத்தை அதே டாக்டர் விரித்தார். அளந்தார். மறுபடி அளந்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு, அவரையும் அளக்கச் சொன்னார். அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது தாழ்ந்த குரலில். தபாலக்காவுக்கு எடுத்த காகிதத்தைப் பார்த்தபோது அவர் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசவில்லை.

"மரபணு ரிசல்ட் வர நாளாகும்" என்றார் டாக்டர். "அதுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு இவங்களை வீட்டுக்கு அனுப்பறதா இல்ல."

குட்டியின் போனிலிருந்து தபாலக்காதான் தங்கையைக் கூப்பிட்டாள். மகள் பெயர் தெரிந்ததால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் தங்கை வந்தாள். வீட்டில் உடுத்தியிருந்த புடவை, காலில் ஒன்றுக்கொன்று சேராத செருப்பு. கண்காணிப்பு அறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். மகள் கட்டிலில், மார்பில் ஒயர்கள், தலைமாட்டில் பச்சைக் கோடு. உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு அவளே போன் பண்ணிட்டாளாம். இவருக்கும் பண்ணிட்டா. இவரு ஒரு வார்த்தை பேசல. கடையைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாரு." தங்கை அழவில்லை. அழுதிருந்தால் தபாலக்காவுக்குத் தேவலை. "நீ எப்ப பெட்டியில போட்ட அதை?"

"ஏழு வாரம் இருக்கும்."

"மணி அடிச்சியா?"

தபாலக்கா இல்லையென்று தலையசைத்தாள்.

"நான் உள்ளதான் இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். மணிக்கிட்ட கையைக் கொண்டுபோன. எடுத்துட்ட. பெட்டியில போட்டுட்டுப் போயிட்ட." தங்கை கதவையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் ஏழு வாரம் மறைச்சேன், சரி. நான் பாவி. நீ ஏழு வாரம் என்ன பண்ணிட்டு இருந்த? ஒரு நாள் வந்து படிச்சியா, அவகிட்ட குடுத்தியான்னு கேட்டியா? நம்ம ரெண்டு பேர்ல அவளுக்கு யாரு அதிகமா எமனா இருந்தோம்னு நீயே சொல்லு."

தபாலக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியில், கடிதம் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன இடம் மினுமினுத்தது.

நடைபாதையின் மறுமுனையில் யாரோ ஒரு எவர்சில்வர் தட்டு வண்டியைக் கவிழ்த்தார்கள். மாடி முழுவதும் அந்தச் சத்தம் உருண்டது. பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவுக்கு ஓடினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் குட்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஓரிடத்தில் கிறுக்கியது போலத் தாறுமாறாக நெளிந்தது. உள்ளேயிருந்த நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கோடு மறுபடி ஏறியது. இறங்கியது. ஏறியது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள். "ஒருத்தர் மட்டும் கூட இருங்க. சத்தம் போடாம, பேச்சுக் குடுக்காம. யாரு அம்மா?"

தங்கை ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"பெரியம்மா வரட்டும்" என்றது உள்ளேயிருந்து குட்டியின் குரல்.

தங்கை வைத்த அடியை எடுக்கவில்லை. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தபாலக்கா செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, தங்கையைத் தொடாமல், ஓரமாக ஒதுங்கி உள்ளே போனாள்.